நலன்புரி உதவி பெறுவோரின் வேலைவாய்ப்புத் தடைகள் (மாத்தளை மாவட்டம்)

இலங்கை மத்திய மாகாணத்தின் மாத்தளை மாவட்டத்தில் அரச நலன்புரி உதவி பெறும் குடும்பத்தினர் நிலையான வேலை தேடும்போது சந்திக்கும் தடைகள், அவர்கள் வாழும் பகுதிக்கேற்ப மாறுகின்றன. 11 பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட இம்மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளை, கலேவெல விவசாய நிலங்களும், கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய லக்கல ஊர்களும், தெற்கே இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைத் தோட்டங்களும் உள்ளன.

திட்டங்கள்

1989இல் தொடங்கிய ஜனசவிய திட்டம், வறிய குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்கு வழங்கியது. அதில் ஒரு பகுதி சுயதொழில் முதலுக்கென ஒதுக்கப்பட்டது. 1995இல் சமுர்த்தி வந்தது. தோட்டக் குடும்பங்கள் மாதச் சம்பளம் பெறுவோராகக் கருதப்பட்டதால், இதில் பெரும்பாலும் உள்வாங்கப்படவில்லை. 2023 ஜூலையில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியது. பயனாளிகள் 22 குறிகாட்டிகளைக் கொண்டு தெரிவாகின்றனர். 2025 முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாயும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாயும் கிடைக்கின்றன. கொடுப்பனவை நலன்புரி நன்மைகள் சபையும் தொழில் வலுவூட்டலைச் சமுர்த்தித் திணைக்களமும் கவனிக்கின்றன.

தடைகள்

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்கும் வேலை உண்டு. ஆனால் அது நாட்கூலி, வரத்து குறைந்தால் கூலியும் குறையும். நாட்கூலி வருமானம் பதிவில் தெரியாது, மாதச் சம்பளம் தெரியும். ஆகவே நிரந்தர வேலையில் சேர்ந்தால் உதவி நின்றுவிடுமோ என்ற அச்சம் பயனாளிகளிடம் எழுகிறது.

ஏ9 வீதி மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியே செல்வதால் அதனருகில் வாழ்வோர் நகருக்கு எளிதில் வந்துபோகலாம். லக்கல மலைக்கிராமத்தவருக்குப் பேருந்து நேரமும் கட்டணமுமே முதல் தடை.

தோட்டங்களில் தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். கைக்குக் கிடைக்கும் முன் நாள் கடந்துவிடுவதுண்டு. வீட்டு உறுதி இல்லாததால் அதைப் பிணை வைத்துச் சுயதொழில் கடன் எடுக்கவும் வழியில்லை. தோட்டத்தின் பிள்ளை பராமரிப்பு இடமான பிள்ளைக் காம்பரா, கொழுந்து பறிக்கும் வேலை நேரத்துக்கு ஏற்ப இயங்குவதால், வெளி வேலைக்குப் போகும் தாய் குழந்தையைப் பார்க்க வீட்டில் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையாத இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் வீட்டுப் பணிக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் செல்வது இச்சூழலின் விளைவே. உதவிப் பணம் அடுப்பை எரிய வைக்கிறது. முகவரி, உறுதி, பிள்ளை பராமரிப்பு ஆகியவை அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.