மெட்டாலிக்கா (1991 ஆல்பம்)

மெட்டாலிக்கா என்பது அதே பெயர் கொண்ட அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் ஐந்தாவது ஆல்பம். எலெக்ட்ரா நிறுவனம் 1991 ஆகஸ்ட் 12 அன்று இதை வெளியிட்டது. அட்டை முழுக்கக் கறுப்பு. மேல் மூலையில் குழுவின் பெயரும் கீழ் மூலையில் சுருண்டு கிடக்கும் பாம்பும் அட்டையைச் சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். அதனால் ரசிகர்கள் இதை ‘பிளாக் ஆல்பம்’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

த்ராஷ் மெட்டல் என்ற அதிவேகப் பாணியை உருவாக்கியவர்களில் முன்வரிசையில் நின்ற ஒரு குழு, அந்தப் பாணியை விட்டு மெதுவான, கனமான, சுருக்கமான பாட்டுக்கு வந்து சேர்ந்த இடம் இது. பணத்துக்காகப் பாணியை மாற்றிக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஓயவில்லை. ஆனால் குழுவின் பதிவுகளை வரிசையாகக் கேட்டு வருபவருக்கு, மாற்றத்தின் வேர் முந்தைய ஆல்பத்தின் குறைகளிலேயே இருப்பது புலப்படும்.

முன்கதை

டென்மார்க்கிலிருந்து வந்த டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கும், பாடகரும் கிதார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் இக்குழுவைத் தொடங்கினர். பேஸ் கிதார் வாசிக்க அவர்கள் விரும்பி அழைத்த கிளிஃப் பர்ட்டன் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை விட்டு வர மறுத்ததால், குழுவே அங்கு குடிபெயர்ந்தது. 1983இல் கிதார் கலைஞர் டேவ் மஸ்டெய்ன் நீக்கப்பட்டு அவரிடத்தில் கர்க் ஹாமெட் வந்தார். அதே ஆண்டு வெளியான ‘கில் எம் ஆல்’, வேகம் ஒன்றையே நம்பி நின்ற ஆல்பம். அடுத்து வந்த ‘ரைடு த லைட்னிங்’ (1984) தொகுப்பில் ‘ஃபேட் டு பிளாக்’ என்ற பாட்டு மென்மையான கிதாரோடு தொடங்கியபோதே, தீவிர ரசிகர்களில் ஒரு பிரிவினர் முகம் சுளித்தார்கள். பின்னாளில் எழுந்த கூச்சலின் ஒத்திகை அது.

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986) த்ராஷ் மெட்டலின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. அந்த வெற்றியோடு ஊர் ஊராகச் சென்று கொண்டிருந்தபோது, 1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து பர்ட்டன் இறந்தார். அவருக்கு வயது 24. இசைக் கோட்பாடு அறிந்தவர் அவர். அவரது இழப்பு ஒரு கலைஞரின் இடம் காலியானதோடு முடியவில்லை. புதிதாக வந்த ஜேசன் நியூஸ்டெட்டைக் குழுவினர் மனதார ஏற்கவில்லை. அந்த மனநிலை அடுத்த ஆல்பத்தின் ஒலியிலேயே பதிவாகியிருக்கிறது.

‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) ஒன்பது பாட்டுகளில் 65 நிமிடம் ஓடுவது. நீதிமன்றமும் போரும் ஊழலும் அதன் பொருள். ஒவ்வொரு பாட்டும் பல ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகளை) கோத்து, தாளத்தை அடிக்கடி மாற்றிச் செல்லும். டிரம்ஸ் உலர்ந்து ஒலிக்கும். பேஸ் கிதார் ஏறத்தாழக் கேட்கவே கேட்காது. உல்ரிக் சொன்னபடியே பேஸைக் குறைத்ததாக ஒலிக்கலவை செய்த ஸ்டீவ் தாம்ப்சன் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஆல்பம் நன்றாக விற்றது. ‘ஒன்’ என்ற பாட்டு குழுவுக்கு முதல் கிராமி விருதையும் வாங்கித் தந்தது. ஆனால் மேடையில் கதை வேறாக இருந்தது. பத்து நிமிடத்தை நெருங்கும் தலைப்புப் பாட்டை வாசிக்கையில் முன்வரிசை ரசிகர்கள் சலித்துப்போய் நிற்பதை ஹாமெட் கவனித்தார். இந்தப் பாட்டை இனி மேடையில் வாசிப்பதில்லை என்று சுற்றுப்பயணத்தின் இறுதியில் பேசிக்கொண்டார்கள்.

பாப் ராக்கின் வரவு

கனடாவின் வான்கூவர் நகரில் பணியாற்றிய தயாரிப்பாளர் பாப் ராக், 1989இல் மோட்லி குரூ குழுவின் ‘டாக்டர் ஃபீல்குட்’ ஆல்பத்தைத் தயாரித்தவர். த்ராஷ் ரசிகர்கள் வெறுத்த பளபளப்பான ராக் இசை உலகின் ஆள் அவர். ஆனால் அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலியில் இருந்த கனம் உல்ரிக்கை ஈர்த்தது. ஒலிக்கலவை மட்டும் செய்து தந்தால் போதும் என்று குழு கேட்க, முழுத் தயாரிப்பையும் தந்தால் வருகிறேன் என்றார் ராக். மேடையில் உங்களிடம் இருக்கும் வலு உங்கள் பதிவு எதிலும் வரவில்லை என்றும் நேரடியாகச் சொன்னார்.

மாற்றத்துக்கெல்லாம் ராக்கே காரணம் என்று பலர் எழுதியிருப்பது சரியல்ல. அவர் வருவதற்கு முன்பே, 1990 கோடையில் குழு எடுத்த மாதிரிப் பதிவுகளில் பாட்டுகள் சுருங்கிவிட்டன. ஒரே ரிஃபைச் சுற்றி ஒரு பாட்டு என்ற முடிவும் எடுக்கப்பட்டுவிட்டது. ராக் செய்தது வேறு. அதுவரை உல்ரிக்கும் ஹெட்ஃபீல்டும் தனித்தனியாக வாசித்துப் பதிந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே வழக்கம். அவர் நால்வரையும் ஒரே கூடத்தில் நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்க வைத்தார். கிதாரை நிழல்போலத் தொடர்ந்து வந்த பேஸை அங்கிருந்து பிரித்து டிரம்ஸோடு சேர்த்தார். என் பார்வையில் இந்த ஆல்பத்தின் உண்மையான பாணி மாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது. வேகம் குறைந்தது எல்லோர் காதிலும் விழுகிறது. அந்த வேகக் குறைவைத் தாங்கி நிற்பது நியூஸ்டெட்டின் பேஸ்.

வடக்கு ஹாலிவுட்டின் ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில் 1990 அக்டோபரில் தொடங்கிய வேலை 1991 ஜூன் வரை நீண்டது. ராக் எதையும் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை, குழுவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி ஒலிக்கலவை மூன்று முறை திரும்பச் செய்யப்பட்டது. செலவு பத்து லட்சம் டாலரைத் தொட்டது. அந்தக் காலத்தில் உல்ரிக், ஹாமெட், நியூஸ்டெட் மூவரின் மண வாழ்க்கையும் முறிந்தது. ஸ்டூடியோவில் நடந்த வாக்குவாதங்களை ஆடம் டூபின் இயக்கிய ஆவணப்படத்தில் காணலாம்.

பாட்டுகள்

பன்னிரண்டு பாட்டுகள், 62 நிமிடத்துக்குச் சற்று மேல். முந்தைய ஆல்பத்தில் ஒரு பாட்டு சராசரியாக ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடியது. இதில் ஐந்து நிமிடம்தான்.

‘என்டர் சாண்ட்மேன்’ உருவான விதத்தில் மொத்த மாற்றமும் அடங்கியிருக்கிறது. ஹாமெட் கொண்டுவந்தது இரண்டு தாளச் சுற்று நீளமுள்ள ரிஃப். முதல் பாதி கேள்விபோல மேலேறும், இரண்டாம் பாதி பதில்போல இறங்கி முடியும். முதல் பாதியையே மூன்று முறை வாசித்துவிட்டுப் பிறகு இறங்கலாமே என்றார் உல்ரிக். மூன்று வருடம் முன்பு என்றால் இதே குழு அந்த இடத்தில் நாலாவது, ஐந்தாவது ரிஃபைத் தேடியிருக்கும். இப்போது இருப்பதையே திரும்பச் சொல்லித் தவிப்பை ஏற்றினார்கள். முதலில் இசை அமைந்த இந்தப் பாட்டுக்கு வரிகள் வெகு தாமதமாகவே வந்தன. தொட்டிலில் குழந்தை திடீரென இறந்துபோவதைப் பற்றி ஹெட்ஃபீல்ட் எழுதிய முதல் வடிவத்தை ராக்கும் உல்ரிக்கும் ஏற்கவில்லை. திருத்தி எழுதியதில் மரணம் மறைந்து, தூங்கப் போகும் குழந்தையின் பயம் மிஞ்சியது.

‘சேட் பட் ட்ரூ’ பாட்டுக்கான ஒத்திகையின்போது, இதுவரை வந்த பாட்டுகள் எல்லாமே ‘இ’ சுருதியில் இருக்கின்றனவே என்று ராக் கேட்டார். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதுதானே என்பது பதில். மோட்லி குரூவுக்குச் செய்ததுபோல எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டிப் பாருங்கள் என்றார். ஆல்பத்திலேயே ஆகக் கனமான பாட்டு அப்படிப் பிறந்தது. இதைக் கேட்டவர்கள் யாரும் மெட்டாலிக்கா மென்மையாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

‘த அன்ஃபர்கிவன்’ மெட்டல் மெல்லிசைப் பாட்டுகளின் வழக்கத்தைத் தலைகீழாக்கியது: சரணத்தில் கிதார் உறுமும், பல்லவியில் அடங்கும். ‘த காட் தட் ஃபெய்ல்டு’ ஹெட்ஃபீல்டின் சொந்தக் காயம். அவருடைய தாய் கிறிஸ்தவ அறிவியல் சபையைச் சேர்ந்தவர்; அந்த நம்பிக்கையால் மருத்துவத்தை மறுத்துப் புற்றுநோயில் இறந்தார். மகனுக்கு அப்போது பதினாறு வயது. சமூகத்தின் அநீதியைப் பாடிய குரல் இதில் தன் வீட்டுக்குள் திரும்பியது. அந்தத் திருப்பத்தை விமர்சகர்கள் போதுமான அளவு பேசவில்லை.

‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ குழுவுக்காக எழுதப்பட்டதே அல்ல. காதலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த ஹெட்ஃபீல்ட், ஒரு கையில் தொலைபேசி இருந்ததால் மற்றொரு கையால் தந்திகளை வெறுமனே மீட்டிக்கொண்டிருந்தார். ஆறாவது தந்தி, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது: எதையும் அழுத்தத் தேவையில்லாத அந்த நான்கு ஒலிகளே பாட்டின் தொடக்கமாயின. உலகெங்கும் கிதார் பழகத் தொடங்குபவர்களில் பலர் இன்று அதைக் கற்கிறார்கள். பதிவில் ஹாமெட் வாசிக்கவே இல்லை. தனி வாசிப்பும் ஹெட்ஃபீல்டுடையது. ஆர்கெஸ்ட்ராவுக்கான பகுதியை இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் எழுதினார். கத்தியே பழகிய ஹெட்ஃபீல்ட் இதில் முதன்முறையாக மறைக்க இடமின்றிப் பாடுகிறார். குரல் சில இடங்களில் தடுமாறத்தான் செய்கிறது. பாட்டு உண்மையாக ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொகுப்பின் எல்லாப் பாட்டுகளும் இந்த உயரத்தை எட்டவில்லை. ‘டோன்ட் ட்ரெட் ஆன் மீ’, ‘த ஸ்ட்ரகிள் விதின்’ போன்றவை கேட்கத் தக்கவை, அவ்வளவுதான்.

வெளியீடும் வரவேற்பும்

வெளியீட்டுக்கு ஒன்பது நாள் முன்னதாக நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரசிகர்களை இலவசமாக உட்காரவைத்து முழு ஆல்பத்தையும் ஒலிபரப்பினார்கள். பில்போர்டு பட்டியலில் முதல் வாரமே முதலிடம். நான்கு வாரம் அங்கேயே இருந்தது. அடுத்த கிராமி விழாவில் மெட்டல் பிரிவு விருதும் கிடைத்தது.

1991 செப்டம்பர் 28 அன்று மாஸ்கோவின் துஷினோ விமானத் தளத்தில் ஏசி/டிசி, பன்டேரா குழுக்களோடு மெட்டாலிக்கா வாசித்தது. ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சோவியத் ஒன்றியம் தன் கடைசி மாதங்களில் இருந்தது. லட்சக்கணக்கான இளைஞர்கள் திரண்ட அந்தத் திடலின் படக்காட்சிகளில் சீருடை அணிந்த படைவீரர்களும் தெரிகிறார்கள். அத்தனை பெரிய வெளியில் ‘என்டர் சாண்ட்மேன்’ போன்ற பாட்டுதான் கடைசி வரிசை வரை தெளிவாகப் போய்ச் சேரும். ரிஃபுக்கும் ரிஃபுக்கும் நடுவே விட்ட இடைவெளியின் பயன் அங்கே தெரிந்தது.

சுற்றுப்பயணம் மேலும் இரண்டு ஆண்டு நீண்டது. 1992 ஆகஸ்ட் 8 அன்று மான்ட்ரியல் மேடையில் வெடித்த வாணத் தீயில் ஹெட்ஃபீல்டின் கை கடுமையாக வெந்தது. பின்னர் பல நிகழ்ச்சிகளில் அவர் பாட மட்டும் செய்தார், கிதாரை ஜான் மார்ஷல் வாசித்தார்.

பழைய ரசிகர்களின் கோபத்தைப் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது. கையால் நகலெடுத்த கேசட்டுகளை ஒருவருக்கொருவர் அனுப்பி இந்தக் குழுவை வளர்த்தவர்கள் அவர்கள். தங்களுடையதாக இருந்த ஒன்று எல்லோருடையதாகிவிட்ட வருத்தம் நியாயமானது. ஆனால் ஆல்பத்தின் மீது வைத்த குற்றச்சாட்டாக அது எடுபடவில்லை. ‘ஜஸ்டிஸ்’ பாதையில் இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் குழு தன் சிக்கலுக்குள் தானே சிக்கியிருக்கும்.

பின்விளைவு

அடுத்தடுத்த ஆண்டுகளில் மெகாடெத் (1992), ஆந்த்ராக்ஸ் (1993) ஆகிய த்ராஷ் குழுக்களும் மெதுவான, இறுக்கமான பாட்டுகளின் பக்கம் திரும்பின. பாப் ராக் ‘லோடு’ (1996), ‘ரீலோடு’ (1997), ‘செயின்ட் ஆங்கர்’ (2003) வரை குழுவோடு இருந்தார். 1999இல் மைக்கேல் கேமன் நடத்த, சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு மெட்டாலிக்கா மேடையேறியது. கேமனோடு குழுவின் உறவு தொடங்கியது ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ பாட்டில். 2008இல் ரிக் ரூபின் தயாரித்த ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பத்தில் நீண்ட, பல ரிஃப் கொண்ட பாட்டுகளுக்குக் குழு திரும்பியது.

2012இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் முழு ஆல்பத்தையும் கடைசிப் பாட்டிலிருந்து முதல் பாட்டுவரை தலைகீழ் வரிசையில் வாசித்தார்கள். ‘த ஸ்ட்ரகிள் விதின்’ முதன்முறையாக மேடையேறியது அப்போதுதான். 2021இல் மறுசீரமைத்த பதிப்போடு, 53 கலைஞர்கள் இதன் பாட்டுகளைத் தங்கள் வழியில் பாடிய ‘த மெட்டாலிக்கா பிளாக்லிஸ்ட்’ வெளிவந்தது. நாட்டுப்புற ராக், ஹிப் ஹாப், லத்தீன் பாப் என்று பல திசைகளிலிருந்து வந்த அவர்களில் பலரும் தேர்ந்தெடுத்தது ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’.