காரெட் பிரவுன்

காரெட் பிரவுன் (பிறப்பு: 1942) அமெரிக்க ஒளிப்பதிவாளர், கண்டுபிடிப்பாளர். கேமராவைக் குலுங்காமல் நகர்த்த உதவும் ஸ்டெடிகேம் கருவியை உருவாக்கியவர்.

பின்னணி
1970களின் தொடக்கம் வரை நகரும் காட்சிகளை எடுக்கத் தண்டவாளம் பதித்துக் கேமராவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினர். இதற்கு நேரமும் ஆட்களும் தேவைப்பட்டனர். படிக்கட்டுகளில் இம்முறை உதவவில்லை. கையில் ஏந்தி நடந்தாலோ ஒவ்வொரு காலடியும் திரையில் தெரிந்தது.

அமைப்பு
இயக்குபவர் ஓர் அங்கியை அணிகிறார். அதில் பொருத்திய வில்சுருள் கை, கேமராவின் எடையைத் தாங்கிக் குலுக்கலை உள்வாங்குகிறது. தண்டின் மேல்முனையில் கேமராவும் கீழ்முனையில் காட்சித்திரையும் மின்கலமும் இருப்பதால் எடை சமன்படுகிறது. திசையை விரல்நுனியால் மாற்றலாம். இதற்கு நீண்ட பயிற்சி தேவை.

திரைப்படங்களில்
தன் தோழி பிலடெல்பியா கலை அருங்காட்சியகப் படிகளில் ஓடுவதைப் பிரவுன் சோதனையாகப் படமாக்கினார். அதைக் கண்ட இயக்குநர் ஜான் அவில்ட்சன், அதே படிகளில் 'ராக்கி' (1976) படத்தின் புகழ்பெற்ற ஓட்டக் காட்சியை அமைத்தார். இருப்பினும் ஸ்டெடிகேம் முதலில் பயன்பட்டது 'பவுண்ட் ஃபார் குளோரி' (1976) படத்தில்தான். 'தி ஷைனிங்' (1980) படத்தில், மூன்றுசக்கர வண்டி ஓட்டும் சிறுவனைத் தரையை ஒட்டிப் பின்தொடரப் பிரவுன் சக்கர நாற்காலியில் அமர்ந்து இக்கருவியை இயக்கினார்.

1978இல் ஸ்டெடிகேமுக்கு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. விளையாட்டரங்கின் மேலே வடங்களில் தொங்கி நகரும் ஸ்கைகேமும் பிரவுனின் கண்டுபிடிப்பே. தண்டவாளம் செல்லமுடியாத இடங்களிலும் கதைமாந்தருடன் சேர்ந்து நகரும் வாய்ப்பை இவர் ஒளிப்பதிவாளர்களுக்கு அளித்தார்.