எழுத்தாணி முதல் ஏஐ வரை

வத்தலக்குண்டுக்காரர்களுக்கு எழுத்தின் மேல் தனி உரிமை உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யர் 1872-இல் இங்கே பிறந்தவர். 'ஞானபானு' பத்திரிகை நடத்திய சுப்பிரமணிய சிவா 1884-இல் இங்கே பிறந்தவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் நம்மூர்க்காரர்தான். இவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. ஆனால் இவர்கள் எழுதியதை நம் கண்ணுக்குக் கொண்டுவந்த கைகளைப் பற்றிப் பேசியதில்லை. அச்சுக் கோத்தவர், பிளாக் செய்தவர், அட்டைப்படம் போட்டவர், கடைப் பலகை எழுதியவர் என்று ஒரு பெரிய கூட்டம் அது. அந்த வேலையைச் செய்பவரை இன்று 'டிசைனர்' என்கிறோம்.

இப்போது பல வீடுகளில் பேரனோ பேத்தியோ டிசைன் படிக்கிறார்கள். "கம்ப்யூட்டரே படம் போட்டுவிடுகிறதாமே, இனி இந்தப் பிள்ளைகளுக்கு வேலை இருக்குமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. எதிர்காலம் சொல்ல நான் ஜோசியன் அல்ல. ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதுக் கருவி வருவது இது முதல் முறை அல்ல. முன்பெல்லாம் வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால், கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

ஓலையும் ஈயமும்

கருவி எப்போதும் எழுத்தின் உருவத்தில் கை வைக்கும். ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நரம்போடு கிழியும். அதனால்தான் நம் எழுத்துகள் இவ்வளவு வளைந்தன என்பார்கள். புள்ளி குத்தினால் ஓலையில் ஓட்டை விழும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஈய எழுத்து வந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம். இந்திய மொழி எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் பழையது அதுதான். 1713 வாக்கில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் நடத்தினார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் ஏராளமாகச் செலவானது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். எழுத்தின் அளவைக்கூடக் காகிதத்தின் விலை தீர்மானித்தது என்பதைக் கவனியுங்கள். டிசைன் என்பது அழகு மட்டுமல்ல, செலவுக் கணக்கும்தான். அது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

என் வயதுக்காரர்களுக்கு ட்ரெடில் அச்சகம் நன்றாக நினைவிருக்கும். மர அறைகளில் எழுத்துகள் பிரிந்து கிடக்கும். கம்பாசிட்டர் கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமலே எடுத்துக் கோப்பார். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும் எழுத்தை நாம் நாளிதழ் படிக்கும் வேகத்தில் படிப்பார். கல்யாணப் பத்திரிகை என்றால் அச்சகத்தில் ஒரு பிள்ளையார் பிளாக் இருக்கும். ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் அதே பிள்ளையார்தான்! அதைச் சுற்றிப் பூக்கொடி பார்டர், நடுவில் பெயர்கள். இருக்கிற நாலு பிளாக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரிகையையும் கொஞ்சம் வேறு மாதிரி காட்டுவதில்தான் கம்பாசிட்டரின் கைத்திறன் இருந்தது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. 1935-இலேயே பெரியார் 'குடி அரசு' இதழில் பயன்படுத்தத் தொடங்கிய மாற்றங்களில் 13 எழுத்துகள் அரசின் வழக்குக்கு வந்தன. ணா, றா, னா ஆகியவை சுழியை விட்டுக் கால் வாங்கிக்கொண்டன. ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கையை விட்டுவிட்டன. பள்ளியில் பழைய 'லை' போட்டுப் பழகிய கை மாறச் சில காலம் பிடித்தது. அச்சகத்துக்கோ அறைகள் குறைந்தன. தட்டச்சுக்கும் பின்னால் வந்த கணினிக்கும் அது உதவியாக இருந்தது.

படம் போட்டவர்கள்

எழுத்துக்கு அச்சகம் என்றால் படத்துக்குச் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்கத் தொடங்கிய ஊர், பிறகு நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சடித்தது. அந்தக் காலண்டர் சாமிகளில் பலவற்றுக்கு மூலவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு காலண்டருக்கு வந்தவர். நம் பூஜை அறைகளில் லட்சுமியும் முருகனும் எந்த முகத்தோடு இருக்கிறார்கள் என்பதை அவரும் அவருடைய சீடர்களும்தான் பெருமளவு தீர்மானித்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

சினிமா பேனர் வரைந்தவர்களின் கதை இன்னும் சோகம். சிறிய ஸ்டில் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் இழுத்து, இருபது அடி முகத்தை அருகில் நின்றே வரைவார்கள். தள்ளி நின்று பார்த்தால்தான் அது சிவாஜி. ஓவியர் எம்.எஃப். ஹுசேனே பம்பாயில் சினிமா விளம்பரம் வரைந்து பிழைத்தவர்தான். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் வரைந்ததை இயந்திரம் சில மணி நேரத்தில் துப்பியது. சில ஆண்டுகளுக்குள் தூரிகை பிடித்தவர்கள் வெள்ளையடிக்கவும் வேறு கூலி வேலைக்கும் போனார்கள். சிலர் கணினி கற்றுக்கொண்டு அதே ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை மறந்துவிடாதீர்கள், மறுபடி அவர்களிடம் வருகிறேன்.

நெசவிலிருந்து வந்த கணினி

கணினிக்கே ஒரு மூதாதை நெசவுத் தறியில்தான் இருக்கிறது. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில், துளையிட்ட அட்டைகளைக் கோத்து எந்த நூல் மேலே எழ வேண்டும் என்று தறிக்கே சொல்லிவிடும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டுப் படம் ஒன்றை வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், அதே அட்டை யோசனையைத் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஜக்கார்டு பெட்டி நம் பக்கத்துத் தறிகளிலும் ஏறியது. வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக மாங்காயும் மயிலும் வரைய ஒருவர், அதைப் பார்த்து அட்டை குத்த ஒருவர் என்று புதிய வேலைகள் பிறந்தன. நூலைக் கையால் தூக்கிக் கொடுத்த உதவியாளின் வேலை போயிற்று. ஒரு கருவி எடுத்ததும் கொடுத்ததும் ஒரே ஆளுக்கு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

கம்ப்யூட்டர் வந்த காலம்

1985-இல் பேஜ்மேக்கர், 1990-இல் ஃபோட்டோஷாப். நம் பக்கம் வந்து சேரப் பத்தாண்டு ஆனது. டி.டி.பி. சென்டர் என்ற பலகை தெருவுக்குத் தெரு தொங்கியது. ஆனால் தமிழுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. பாமினியில் அடித்ததை வானவில்லில் திறந்தால் சீனமா தமிழா என்று தெரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் ஒரு பொது விசைப்பலகைக்கு வழி பிறந்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் உழைத்திருக்காவிட்டால் இன்று கைபேசியில் நாம் தமிழில் பேரனுக்குச் செய்தி அனுப்பியிருக்க முடியாது. முத்து நெடுமாறன் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளுக்குள்ளேயே இருக்கிறது.

கம்பாசிட்டர்களில் இளையவர்கள் டி.டி.பி. கற்றார்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது, எந்த வரியை எங்கே உடைப்பது என்ற கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. கருவி தெரிந்து கண் இல்லாதவர்கள் போட்ட பத்திரிகைகளையும் பார்த்தோம். ஒரே பக்கத்தில் ஆறு எழுத்துரு, ஏழு வண்ணம்!

இப்போது வந்திருக்கும் கருவி

2022-இல் டாலி-2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று வரிசையாக வந்தன. வேண்டியதை வாக்கியமாகச் சொன்னால் படம் வருகிறது. எப்படி? இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் கீழுள்ள குறிப்புகளையும் இயந்திரத்துக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். 2022-இல் வெளியான அப்படிப்பட்ட ஒரு தொகுப்பில் மட்டும் 500 கோடிக்கு மேல் படங்களின் முகவரிகள் உண்டு. பழைய டிவியில் ஸ்டேஷன் கிடைக்காதபோது எறும்பு ஓடுமே, அதுபோன்ற புள்ளிக் குவியலில் தொடங்கி, நீங்கள் சொன்ன சொல்லுக்குப் பொருந்தும்படி கொஞ்சம் கொஞ்சமாக எறும்புகளை விலக்கிக்கொண்டே போகிறது. கடைசியில் மிஞ்சுவது படம்.

டிசைனருக்கு இதனால் உதவி உண்டு. வாடிக்கையாளரிடம் காட்டப் பத்து மாதிரிகளை ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம். படத்தில் பின்னணியை நீக்குவது, சிறிய படத்தைத் தெளிவாகப் பெரிதாக்குவது, ஒரே சேலை பார்டரை இருபது வண்ணத்தில் பார்ப்பது எல்லாம் நொடியில் முடிகின்றன. சின்னாளபட்டிச் சேலைக்கு டிசைன் போடும் ஒரு பிள்ளை, நூலும் சாயமும் செலவழிக்காமல் முதலிலேயே பார்த்து முடிவு செய்யலாம். முன்பு அலுப்புத் தட்டிய வேலை குறைந்து, யோசிக்க நேரம் கிடைக்கிறது.

குறையும் உண்டு. தமிழ் எழுத்து அதற்குச் சரியாக வருவதில்லை. அது எழுத்தை எழுத்தாக அறியாமல் படமாகவே வரைவதால், கொம்பு ஓரிடம் கால் ஓரிடம் போய்விடும். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனாலும் நம்பிக் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியாது. ஆறுமுகனுக்கு ஐந்து முகமும் ஒன்பது கையும் வந்த படம் பார்த்தேன். கொடைக்கானல் கேட்டால் பனி மூடிய சுவிட்சர்லாந்து வருகிறது. பாட்டியின் மங்கிய போட்டோவைச் சரிசெய்யக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அது தெரியாத இடத்தைத் தானாகக் கற்பனை செய்து நிரப்புகிறது. தண்டட்டி போட்டு நீண்ட காதை அது பழுது என்று நினைத்து 'நல்ல' காதாக்கிவிடலாம். வந்த முகம் அழகாக இருக்கும், ஆனால் பாட்டியாக இருக்காது. மூலப் படத்தை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள்.

இந்தக் குறைக்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. இயந்திரம் கற்ற குவியலில் நாம் குறைவு. நம் பழைய பத்திரிகைகளும் காலண்டர்களும் பலகைகளும் கரையானுக்குப் போயின, இணையத்துக்குப் போகவில்லை.

யாருக்குக் கூலி?

உண்மையான வழக்கு இங்கேதான் இருக்கிறது. இயந்திரம் கற்றுக்கொண்ட படங்களை யாரோ வரைந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் இதற்காக வழக்குத் தொடர்ந்தார்கள். இயந்திரம் மட்டுமே உருவாக்கிய படத்துக்குக் காப்புரிமை இல்லை என்று அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் சொல்லியிருக்கிறது.

நம்மிடம் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலை ஏஐ மூலம் ஏ.ஆர். ரஹ்மான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். குரலுக்குச் செய்ததைக் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் செய்யலாமே? கொண்டையராஜுவின் சாயலில் ஒரு லட்சுமியை இயந்திரம் வரைந்தால், அவர் பெயரையாவது சொல்ல வேண்டாமா?

ஒவ்வொரு கருவியும் கையின் வேலையை எடுத்துக்கொண்டது, கண்ணின் வேலையை விட்டுவைத்தது. அதை வைத்து 'பயம் வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். கண் இருந்தும் மாறுவதற்கு வயதும் வசதியும் இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் நடுவில் நசுங்கினார்கள். பேனர் ஓவியர்களுக்கு யாரும் கணினி வகுப்பு நடத்தவில்லை. கற்றவர்கள் தாமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றார்கள். இந்த முறை நம் பிள்ளைகளுக்கும், ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய ஓவியர்களுக்கும் புதுக் கருவியைச் சொல்லிக்கொடுக்க அரசும் கல்லூரிகளும் முன்வர வேண்டும். வேலை கொடுக்கும் நாமும், "மிஷின்தானே போடுது, எதுக்கு இவ்வளவு காசு?" என்று பேரம் பேசாமல் இருக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சினிமா பிட் நோட்டீஸ், காலண்டர் ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து வையுங்கள். எந்த அச்சகம், எந்த ஆண்டு, யார் வரைந்தது என்று தெரிந்தால் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நாளை வரும் இயந்திரமும் டிசைனரும் நம் ஊர் எப்படி எழுதியது, எப்படி வரைந்தது என்பதைக் கற்க அதைவிட வேறு வழி இல்லை.