கி. பி. 1070

நேயர்களே, பொலன்னறுவையில் தொல்பொருளாளர் இரண்டாம் சிவாலயம் எனப் பெயரிட்ட சிறிய கற்கோயிலைப் பலர் கண்டிருப்பீர்கள். வானவன்மாதேவி ஈச்சரம் என்பதே அதன் உரிய பெயர். இராசராச சோழனின் தேவி பெயரால் எழுந்த அக்கோயிலில் அதிராசேந்திர சோழனின் தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. தந்தையோடு இளவரசனாய் இருந்த காலத்தை நீக்கினால் அம்மன்னன் தனித்து ஆண்டது சில மாதங்களே. அவன் வீழ்ந்த ஆண்டு 1070. இலங்கையிற் சோழராட்சி வீழ்ந்ததும் அவ்வாண்டிலேயே.

1017ஆம் ஆண்டில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாடு கொண்டு செல்லப்பட்டான், அங்கேயே இறந்தான். சனநாதமங்கலம் என்ற புதுப்பெயருடன் பொலன்னறுவை சோழரின் தலைநகராயிற்று. ஆயினும் தெற்கே உருகுணை நாடு முற்றாக அடங்கவில்லை. அங்கு 1055 முதல் தலைமை தாங்கிய விசயபாகு முன்னரும் படையெடுத்துத் தோற்றவன், காலம் பார்த்திருந்தான்.

அந்தக் காலம் சோழநாட்டிலிருந்தே வந்தது. வீரராசேந்திரன் இறந்தான். மைத்துனனான மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனின் துணையுடன் முடிசூடிய அதிராசேந்திரன் விரைவில் உள்நாட்டுக் கலகத்தில் மாண்டான். இராமானுசரைத் துன்புறுத்தியதாக வைணவ மரபு கூறும் சோழன் இவனே என்பாரும் உளர். அதற்குச் சான்று போதாது. 1070 சூனில் அரசேறிய முதலாம் குலோத்துங்கன் தந்தை வழியிற் கீழைச் சாளுக்கியன், தாய் வழியில் இராசேந்திரனின் பேரன். தன் அரியணையை உறுதிசெய்வதே அவனுக்குப் பெரும்பாடு. கடல் கடந்த மாகாணத்தை மீட்க அவன் முனையவில்லை. இதற்கிடையே விசயபாகு மேற்கிலும் கிழக்கிலும் படைகளை ஏவி, தான் மகியங்கனை வழியாக வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அவன் வீரம் பெரிதுதான். ஆனால் சோழநாட்டுக் குழப்பமும் அவனுக்கு ஒரு படையாக நின்றது.

வெற்றி பெற்ற மன்னனுக்கு வேறொரு குறை எதிர்ப்பட்டது. உபசம்பதைச் சடங்கை நிகழ்த்த வேண்டிய பிக்குகள் ஐவர்கூட நாட்டில் இல்லை எனச் சூளவமிசம் கூறும். பர்மிய மன்னன் அனுருத்தனிடம் தூது போயிற்று. அங்கிருந்து தேரர்கள் வந்து சங்கத்தை மீள நிறுவினர். தந்ததாதுவுக்கு அட்டதாகே என்னும் மாளிகையும் எழுந்தது.

அம்மாளிகையின் அருகே நிற்பது ஒரு தமிழ்க் கல்வெட்டு. விசயபாகு இறந்தபின், தந்ததாதுக் கோயிலைத் தம் உயிர் கொடுத்தும் காப்போம் என வேளைக்காரப் படையினர் பொறித்த உறுதிமொழி அது. சோழர்மீது படையெடுக்கப் பணித்தபோது இவர்களே கலகஞ்செய்து அரண்மனைக்குத் தீயிட்டவர்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. சோழரை எதிர்க்க மறுத்தவர்கள், சோழரை வென்றவன் எடுப்பித்த கோயிலுக்குக் காவலராயினர். ஆண்டவர் நீங்கினர், படைவீரரும் வணிகரும் தங்கினர்.

வழிபாடும் தங்கியது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907 முதலாக அகழ்ந்தெடுத்த நடராசரையும் நாயன்மார்களையும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நேயர்கள் கொழும்பு நூதனசாலையிலேயே காணலாம். அவற்றுட் சில சோழராட்சிக்குப் பின் வார்க்கப்பட்டவை என அறிஞர் கருதுவர்.

கந்தளாயை அடுத்த பாலமோட்டையில் இன்னொரு தமிழ்ச் சாசனம் கிடைத்தது. விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில் பிராமணப் பெண்ணொருத்தி சிவன் கோயிலுக்குப் பொன் அளித்ததை அது கூறுகிறது. அந்தச் சிவன் கோயிலின் பெயர் விசயராச ஈச்சரம்.