முதுகுவலியில் பிறந்த தேர்வு

அமெரிக்கப் பள்ளிகளில் படித்து வளர்ந்த நடுவயதுக்காரர்களிடம் உடற்கல்வி வகுப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அது சுற்றிச் சுற்றி 'பிரசிடென்ஷியல் ஃபிட்னெஸ் டெஸ்ட்' என்ற ஒன்றில்தான் வந்து நிற்கும். பையன்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பைத் தூக்க வேண்டும். பெண் பிள்ளைகள் கையை மடக்கி, தாடையைக் கம்பிக்கு மேலே வைத்தபடி முடிந்தவரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஆசிரியர் ஸ்டாப்வாட்சைப் பார்ப்பார். வகுப்பு மொத்தமும் வேடிக்கை பார்க்கும். ஒரு தடவைகூட எழும்ப முடியாத பையன் அன்றைக்கு என்ன பாடுபட்டிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அதிபரின் பெயரைச் சுமந்த இந்தத் தேர்வின் வேர் பட்டாளத்திலும் இல்லை, விளையாட்டரங்கிலும் இல்லை. முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்த இடத்தில் இருக்கிறது.

ஹான்ஸ் க்ராவுஸ் வியன்னாவில் படித்த டாக்டர். பாறை ஏறுவதில் பெரும் பித்து. 1938இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் முதுகுவலியோடு வந்தவர்களைச் சோதித்தபோது, பெரும்பாலோருக்கு எலும்பில் கோளாறு எதுவும் இல்லை. தசைகள்தான் வலுவிழந்தோ இறுகியோ கிடந்தன. அதைக் கண்டுபிடிக்க அவரும் டாக்டர் சோன்யா வெபரும் ஆறு அசைவுகளை வகுத்தார்கள். மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி ஒருமுறை எழுந்து உட்கார வேண்டும். முழங்காலை மடக்கி இன்னொருமுறை. மல்லாந்தபடியே இரு கால்களையும் தரையிலிருந்து தூக்கி 10 விநாடி நிறுத்த வேண்டும். குப்புறப் படுத்து முதலில் மார்பை, பிறகு கால்களை அதேபோல் 10 விநாடி. கடைசியில், முழங்கால் மடங்காமல் குனிந்து விரல் நுனியால் தரையைத் தொட வேண்டும். இவ்வளவுதான். மதிப்பெண், பதக்கம் எதுவும் கிடையாது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்க இந்த உடம்பில் போதுமான தெம்பு இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

க்ராவுஸோடு மலையேறிய போனி ப்ரடன் என்ற பெண்மணி, நியூயார்க்கின் புறநகரில் குழந்தைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஆறு அசைவுகளையும் அவர் பிள்ளைகளைச் செய்ய வைத்துப் பார்த்தார். வசதியான வீட்டுக் குழந்தைகள், ஊட்டத்துக்கு ஒரு குறையும் இல்லாதவர்கள், வரிசையாகத் தோற்றார்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து அமெரிக்கப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரையும் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். ஆறில் ஒன்றிலாவது தோற்றவர்கள் அமெரிக்காவில் 57.9 சதவீதம், ஐரோப்பாவில் 8.7 சதவீதம்.

மருத்துவ, உடற்கல்வி இதழ்களோடு நின்றிருக்க வேண்டிய கணக்கு, ஜான் கெல்லியின் கண்ணில் பட்டது. படகுப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா. அவர் அதைத் தன் மாநில செனட்டர் ஜேம்ஸ் டஃப் கையில் கொடுக்க, டஃப் வழியாக அது அதிபர் ஐசனோவரிடம் போனது. 1955 ஜூலையில் வெள்ளை மாளிகையில் ஒரு மதிய விருந்து. விளையாட்டு நட்சத்திரங்கள் நிறைந்த அந்த அவையில் க்ராவுஸும் ப்ரடனும் தங்கள் எண்களை எடுத்துவைத்தார்கள். பனிப்போர்க் காலம் அது. பிள்ளைகளின் இடுப்பும் முதுகும் ஒரே நாளில் தேசப் பாதுகாப்புச் சங்கதியாகிவிட்டன. அடுத்து டென்வரில் ஒரு மாநாடு கூடுவதாக இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, அதே ஊரில், ஐசனோவருக்கே மாரடைப்பு வந்து மாநாடு தள்ளிப்போனது. மறுவருடம் ஜூலையில் இளைஞர் உடற்தகுதிக்கான அதிபர் மன்றத்தை அமைத்து அவர் ஆணையிட்டார்.

கதை திசைமாறுவது இங்கேதான். டாக்டரின் ஆறு அசைவுகளை உடற்கல்வித் துறையினர் ஏற்கவில்லை. அது தெம்பை அளப்பதைவிட உடம்பின் வளைவைத்தான் அளக்கிறது, தோற்றவர்களில் நிறையப் பேர் குனிந்து தரையைத் தொட முடியாமல் தோற்றவர்கள்தானே என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பதிலுக்கு அவர்கள் கொண்டுவந்ததோ வேறு ஜாதிச் சரக்கு. 5 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான சுமார் 8,500 மாணவர்களிடம் அளந்துபார்த்து, 1958இல் ஒரு புதிய தேர்வை வெளியிட்டார்கள்: புல்-அப், சிட்-அப், குறுக்கும் நெடுக்குமான ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், 50 கெஜ ஓட்டம், 600 கெஜ ஓட்டம், சாஃப்ட்பால் எறிதல். இதில் சாஃப்ட்பால் எறிவது கையெறி குண்டு வீசுவதற்கான ஒத்திகை போலிருக்கிறது என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முதுகுவலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

1960 டிசம்பரில், அதிபராகப் பதவியேற்கும் முன்பே, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் அமெரிக்கர்கள் தொளதொளத்துப்போனதாகக் கட்டுரை எழுதினார் கென்னடி. கலிபோர்னியாவின் லா சியரா உயர்நிலைப் பள்ளியில், தகுதிக்கேற்ற நிறத்தில் கால்சட்டை போட்டு மாணவர்கள் கம்பியில் ஏறி இறங்கிய பயிற்சி, நாட்டுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. அந்தக் கென்னடிக்குத் தீராத முதுகுவலி. 1961இல் அவரைக் குனிய நிமிர வைக்க வெள்ளை மாளிகைக்கு வரவழைக்கப்பட்ட டாக்டர் வேறு யாருமில்லை, க்ராவுஸ்தான். பள்ளிகள் கைவிட்ட வைத்தியம் அதிபருக்குப் பலித்தது.

1966இல் அதிபர் ஜான்சன் இந்தத் தேர்வுக்கென்று ஒரு விருதை அறிமுகப்படுத்தினார். எல்லாப் பிரிவிலும் நூற்றில் 85 பேரை முந்தியவருக்கே அது கிடைக்கும். 'போதுமான தெம்பு இருக்கிறதா' என்ற பழைய கேள்வி அதோடு போனது. 'நீ யாரைவிட மேல்' என்பது அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நூற்றில் பதினாறாவது இடத்துக்காரனுக்கும் கம்பியில் தொங்கவே முடியாதவனுக்கும் அந்த விருதின் கண்ணில் வித்தியாசம் இல்லை. தேர்வின் பிரிவுகள் அவ்வப்போது மாறின. சாஃப்ட்பால் எழுபதுகளில் கழன்றுகொண்டது. அளவுகோல் மட்டும் அசையவில்லை.

ஒபாமா காலத்தில் பழைய தேர்வுக்கு விடைகொடுத்து, 2013இலிருந்து டல்லாஸின் கூப்பர் நிறுவனம் உருவாக்கிய ஃபிட்னெஸ்கிராம் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் யாரையும் யாரோடும் ஒப்பிடுவதில்லை. அந்த வயதுக்கு ஆரோக்கியமான வரம்புக்குள் பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். க்ராவுஸ் கேட்ட கேள்விதான், அறுபது வருடம் சுற்றிவிட்டு வந்தது. அவர் அதைப் பார்க்க இல்லை, 1996இல் காலமாகிவிட்டார். 2025 ஜூலை 31 அன்று, பழைய தேர்வைத் திரும்பக் கொண்டுவரும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். சிறந்து விளங்குவோருக்கு அதிபர் விருது கொடுப்பதற்கான தகுதிகளை வகுக்கும் பொறுப்பும் அந்த ஆணையிலேயே அதிபர் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.