சிவந்த கடலும் வெளுத்த பாசியும்: செத்தோ உள்நாட்டுக் கடலின் அரைநூற்றாண்டு

1972ஆம் ஆண்டுக் கோடையில், ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலின் கிழக்குப் பகுதியான ஹரிமா நாடாவில், வளர்ப்புக் கூண்டுகளில் இருந்த ஹமாச்சி மீன்கள் ஏறத்தாழ 1.4 கோடி செத்து மிதந்தன. இழப்பு 710 கோடி யென். ஜப்பானில் ஹமாச்சி வளர்ப்பு தொடங்கியதே இந்தக் கரையில்தான். 1928இல், ககாவா மாகாணத்து ஹிகெத்தாவில்.

கொன்றது சட்டோனெல்லா என்னும் ஒற்றைச்செல் பாசி. பகலில் வெளிச்சம் தேடி மேலே வரும். இரவில் கீழே இறங்கி, ஆழ்நீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் எடுத்துக்கொள்ளும். அது பெருகிய நீரில் மீனின் செவுள் சிதைந்து சளி கட்டுகிறது. நீருக்குள்ளேயே மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. பருவம் முடிந்தாலும் பாசி தொலைந்துபோவதில்லை. உறை கட்டிக்கொண்டு கடலடிச் சேற்றில் குளிர்காலத்தைக் கழித்து, நீர் சூடேறியதும் முளைக்கிறது.

இத்தனை பாசிக்கும் தீனி எங்கிருந்து வந்தது? செத்தோவின் சராசரி ஆழம் சுமார் 38 மீட்டர்தான். போருக்குப் பிந்தைய வளர்ச்சியில் ஆலைகள் கரையை நெருக்கின. ஆழமற்ற கடலோரங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. ஆலைக் கழிவோடு நகரச் சாக்கடையும் சலவைத்தூளின் பாஸ்பேட்டும் வந்து சேர்ந்தன. கூண்டு மீன்களுக்கு அரைத்துப் போட்ட பச்சைமீன் இரையின் மிச்சமும் அடியில் படிந்தது. பாதிக்கப்பட்ட மீன் வளர்ப்பாளர்களின் கையும் இதில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அடுத்த ஆண்டே, 1973இல், செத்தோவுக்கென்று தற்காலிகச் சட்டம் வந்தது. ஆலைக் கழிவின் கரிமச் சுமையை மூன்றாண்டில் பாதியாக்குவது அதன் இலக்கு. 1978இல் சட்டம் நிரந்தரமானது. பாஸ்பரசுக் குறைப்பும், பின்னர் நைட்ரஜன் குறைப்பும் சேர்ந்தன. பாசி பெருகிக் கடல் நிறம் மாறும் செந்நீர் நிகழ்வுகள், 1976இல் 299 ஆக இருந்தவை, 1990களுக்குள் ஆண்டுக்கு நூறு என்ற அளவுக்கு இறங்கின. சட்டம் வென்றது என்றே சொல்லலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கருகருவென்று இருக்கவேண்டிய நோரிக் கடற்பாசி குளிர்காலத்தில் பழுப்பாக வெளுக்கத் தொடங்கியது. நீரில் நைட்ரஜன் போதவில்லை. இருந்த கொஞ்சத்தையும் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் முந்திக்கொண்டன. வெளுத்த நோரிக்குச் சந்தையில் விலையில்லை. 1980களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த மீன்பிடிப்பும் பாதிக்குக் கீழே போனது. இதற்கு ஊட்டக்குறைவு மட்டுமே காரணம் என்பது பாதி உண்மை. அழிந்த சேற்றுவெளிகளும் சூடேறும் நீரும் சேர்ந்த கணக்கு அது.

செத்தோவின் கிழக்கிலுள்ள அவாஜித் தீவில் நான் குறிப்பாகக் கவனிக்கும் காட்சி ஒன்று உண்டு. பாசனம் முடிந்த குளங்களைத் திறந்து, அடிச்சேற்றைக் கலக்கி, ஊட்டமுள்ள நீரைக் கடலுக்கு அனுப்புகிறார்கள். 'காய்போரி' என்ற இந்தப் பழைய வேலைக்கு, முதுமையால் ஆள் குறைந்துபோன விவசாயிகளோடு மீனவர்களும் சேற்றில் இறங்குகிறார்கள். இதே நோக்கில், அவாஜி அடங்கிய ஹ்யோகோ மாகாணத்தில் சில கழிவுநீர் நிலையங்கள் குளிர்காலத்தில் நைட்ரஜன் நீக்கத்தைத் தளர்த்துகின்றன.

ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் குறைப்பது எப்படி என்று கேட்ட சட்டம், எவ்வளவு வேண்டும் என்று கேட்கத் தாமதித்தது என்பதே என் கருத்து. 2015இல் 'வளமான கடல்' என்ற நோக்கம் சட்டத்தில் ஏறியது. 2021இல் மாகாணங்களே ஊட்டச்சத்தை அளந்து வழங்க வழி திறந்தது. 2022 அக்டோபரில் ஹ்யோகோ முதல் திட்டத்தை வகுத்தது.