தூங்காத நெல்

குறுவை அறுவடையை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் சமயம், அரிவாள் வைக்கப் போகும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும். நாலு நாள் கழித்து வரப்பில் நின்று பார்த்தால், கதிரிலேயே நெல் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கும். அது விதைக்கும் ஆகாது, அரிசிக்கும் ஆகாது.

எல்லா நெல்லும் இப்படி முளைத்துவிடாது. அறுத்த நெல்லை உடனே ஊறப்போட்டாலும் சில ரகங்கள் சில வாரங்களுக்கு முளைக்க மறுக்கும். இதை விதை உறக்கம் என்பார்கள். நெல்லும் ஆதியில் காட்டுப் புல்தானே! உதிர்ந்த விதையெல்லாம் ஒரே மழைக்கு முளைத்து, பின்னால் வெயிலில் காய்ந்து போனால் வம்சம் என்னாவது? அதற்கு இயற்கை போட்ட பூட்டு இது. நம் பழைய சம்பா ரகங்கள் பலவற்றுக்கு இந்தப் பூட்டு உண்டு. ஆனால் சம்பா அறுவடை தை, மாசியில், வெயில் காலத்தில். பூட்டு அதிகம் தேவைப்பட்டது குறுவைக்குத்தான்.

1960ல் தஞ்சை ஜில்லாவுக்குப் பேக்கேஜ் திட்டம் வந்தது. 1922லிருந்து இயங்கிவந்த ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1965ல் ஏ.டி.டி. 27 ரகத்தை வெளியிட்டது. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து உருவாக்கியது. (கோதுமையில் புகழ்பெற்ற நோரின் 10 வேறு, இது வேறு.) வயது 105 நாள். ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை எடுத்துவிட்டுத் தாளடியும் போடலாம். திருச்சி வானொலி வேளாண் நிகழ்ச்சிகளில் இதைப் பற்றி அவ்வளவு சொன்னார்கள். ஜனங்கள் இதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மகசூல் பொய்க்கவில்லை. ஆனால் பயிர் சாயும். விதைக்கு உறக்கமும் கிடையாது. அடைமழையில் சிக்கினால் கதிரிலேயே முளைதான்.

காரணம் என்ன? நாற்றங்காலில் எல்லா விதையும் ஒன்றாக முளைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்ததில், ஜப்பானிய நெல்வகை தூக்கத்தைப் பெரும்பாலும் இழந்திருந்தது. 2010ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உறக்கத்தை ஆளும் எஸ்.டி.ஆர். 4 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானிய ரகங்களில் இருப்பது அதன் வலுவிழந்த வடிவம் என்றும் தெரியவந்தது.

மாட்டுத் தீவனப் புல்லில் கதை நேர் எதிர். கொழுக்கட்டைப் புல்லின் புது விதை பல மாதம் தூங்கும். உடனே தெளித்தவருக்கு ஏமாற்றம்தான். அங்கே உறக்கத்தைக் குறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். கம்பு நேப்பியருக்கு அந்தக் கவலையே இல்லை. கரணை வைத்தே நட்டுவிடுகிறோம்.

நெல்லுக்கு வேண்டியது இரண்டும் கெட்டான் அளவு: மழையைத் தாண்ட இரண்டு மூன்று வாரத் தூக்கம், விதைக்கும் நாளில் முழு விழிப்பு. தூக்கம் அதிகமான விதையைப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து எழுப்பிவிடலாம். கதிரிலேயே விழித்துக்கொண்ட நெல்லைத் திரும்பத் தூங்கவைக்க எந்த மருந்தும் இல்லை. ஆகவே புது ரகம் வந்தால் மூட்டைக் கணக்கோடு, 'மழையில் முளைக்குமா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.